முங்காதவன்

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பாவம்,
மச்சினன் டிராக்டரை விற்று எடுத்தது.
போஸ்டரில் நூற்றியிருபது அடி என்று போட்டிருந்தார்கள்.
அளந்து பார்த்தவள் நான்: எட்டே முக்கால்.
அதிலும் முக்கால் அடி
தலையில் கவிழ்த்த ஈயச்சட்டி.

மண்டபத்தில் எங்கள் நண்டுக் கம்பெனியின்
உடைந்த ஐஸ்பெட்டிகளைத்தான் வாங்கிப்போனார்கள்.
தெர்மாகோலை அறுத்து ஒட்டி வெள்ளி பெயின்ட் அடித்து
நெஞ்சு, தோள், தொடை.
முழங்காலுக்கு யாருடையதோ புல்லட் சைலன்சர்.
வெயில் ஏற ஏறக் கவிச்சியும் ஏறியது.
உலகத்தைக் காக்க வந்ததன் பின்னாலேயே
ஏழு பூனைகள்.
எடிட்டிங்கில் நான்கைத்தான் வெட்ட முடிந்திருக்கிறது.

எதிரிகள் வானத்திலிருந்து இறங்குவதாகக் கதை.
பட்ஜெட்டுக்குள் வந்தது வானம் மட்டும்.

உள்ளே நம்புக்குமரேசன்.
சங்கு குளிக்கிறவன், மூச்சடக்குவான் என்று பிடித்தார்கள்.
நாளுக்கு எழுநூறு, மத்தியானம் பிரியாணி.

கடைசிக் காட்சி இப்படி:
ஜெயித்த எந்திரம் கடலுக்குள் நடந்துபோய்
மூழ்கி உயிர்விட வேண்டும்.
நாயகி கரையில் நின்று அழ வேண்டும்.
அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள்.
எந்திரம் இடுப்பளவுக்கு நடந்தது.
அதற்கு மேல் கடல் தூக்கிவிட்டது.

'முங்குடா நம்பு, முங்கு!'
மெகாபோனில் கத்துகிறார் டைரக்டர் மெய்ஞானமூர்த்தி.
எட்டுப் பாகத்தில் இறங்கிச் சேற்றைத் தடவிச் சங்கெடுக்கிறவன்
மார்பளவுத் தண்ணீரில்
குப்புறவும் முடியாமல் மல்லாக்கவும் முடியாமல்
கூடு மாட்டிய கரப்பான்போல.
கல்லைக் கட்டினார்கள். கயிறு அறுந்தது.
மணல் மூட்டை கட்டினார்கள். கால் கழன்றது.
கடைசியில் அவனை உருவி எடுத்துவிட்டு
வெற்றுடம்பைத் தள்ளிவிட்டார்கள்.
கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
கேமராவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

ராமநாதபுரத்தில் முதல் நாள், முதல் காட்சி.
இரண்டு வேனில் இருபத்து மூன்று பேர் போனோம்.
பாதிப் படத்தில் எந்திரத்தின் மார்பு பெரிதாக வந்தபோது
பெயின்டுக்கு அடியில் தலைகீழாகத் தெரிந்தது:
'நண்டு. 20 கிலோ. இந்தப் பக்கம் மேலே.'
என் கையெழுத்து.
சம்சாத்து விசிலடித்தாள், அதற்கு மட்டும்.
முன் வரிசையில் காசைத் திருப்பிக் கேட்டார்கள்.

மிதக்கும் காட்சி நான்கு நிமிடம் ஓடியது.
பாட்டு இல்லை, வசனம் இல்லை,
வாங்கப் பணம் இல்லை போலிருக்கிறது.
ஒரு வெள்ளி உடம்பு கிழக்கே போகிறது.
போய்க்கொண்டே இருக்கிறது.
தியேட்டர் சிரித்தது, கொட்டாவி விட்டது,
'ஓட்டுங்கடா' என்றது.

எங்கள் வரிசை மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தது.
எனக்கு அடுத்த சீட்டில் இன்னாசி.
இஞ்சின் நின்ற படகில்
ஒரு ராத்திரி முழுக்க அந்தத் திசையில் போனவர்.
விடியும்போது எதிரே துப்பாக்கி. பிறகு
யாழ்ப்பாணத்தில் பதினொரு மாதம்.
படகு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.
சீட்டின் கைப்பிடியை அவர் விடவேயில்லை.
எந்திரத்தை யாரும் மறிக்கவில்லை.
பெயர் கேட்கவில்லை.
புள்ளியாகி, புள்ளியும் இல்லாமலாகி,
'நன்றி' என்று போட்டார்கள்.

வெளியே டீக்கடை ஓரம் நின்றிருந்தார் மெய்ஞானமூர்த்தி.
'எப்படிக்கா இருந்துச்சு?'
'பூனை நல்லா நடிச்சிருக்கு' என்றேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.

திரும்பும் வழியெல்லாம் வேனில் ஒரே பேச்சு:
கடைசிக் காட்சி ரொம்ப ஸ்லோ,
பாதியாக வெட்டியிருக்கலாம்.
உச்சிப்புளி தாண்டியபின் இன்னாசி வாயைத் திறந்தார்.

'அவ்வளவு ஸ்லோவாத்தான் போகும்.'

பிறகு ஜன்னலை ஏற்றிவிட்டு,
பரோட்டாக் கடை திறந்திருந்தால்
நிறுத்தச் சொன்னார்.